எடை குறைக்கும் ஆபரேஷன் செய்தால் நீர்க்கட்டி தொல்லை தீருமா?



சாத்தாங்காடு, திருவொற்றியூர், எண்ணூர் தொடங்கி அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கத்துக் கிராமங்கள் வரை, குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் போகும் இடமெல்லாம் ஒரே கேள்வி வருகிறது. "பொண்ணுக்கு நீர்க்கட்டின்னு ஸ்கேன்ல சொல்லிட்டாங்க. வயித்தைச் சின்னதாக்குற ஆபரேஷன் பண்ணா சரியாயிடுமாமே, நிஜமா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். ஒரு குழுவில் இதற்காக 3 லட்ச ரூபாய் கடன் கேட்டு மனுவே வந்துவிட்டது. அந்தக் குழு அவசரப்பட்டுத் தீர்மானம் போடவில்லை. கூட்டமைப்பிடம் கருத்துக் கேட்டது. அதனால்தான் இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம். ஊக்குநர்கள் இதைக் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டவும். நீளமாக இருந்தால் இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

பதிலை முதலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். எடை மிக அதிகமாக உள்ள பெண்களுக்கு இந்த ஆபரேஷன் நீர்க்கட்டித் தொல்லைகளைப் பெருமளவு குறைக்கிறது. இது உண்மை. ஆனால் எல்லாருக்கும் இது பொருந்தாது. எல்லாத் தொல்லையும் போகாது. செய்த பிறகு ஆயுள் முழுக்கக் கவனம் வேண்டும். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நீர்க்கட்டி என்பது என்ன?

நம் பக்கத்தில் "நீர்க்கட்டி" என்று சொல்வதை டாக்டர்கள் பிசிஓஎஸ் அல்லது பிசிஓடி என்கிறார்கள். கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்குப் புற்றுநோய்ப் பயம் வருகிறது. இது அந்தக் கட்டி இல்லை. பெண்ணின் சினைப்பையில் மாதாமாதம் சில முட்டைப் பைகள் வளரும். அதில் ஒன்று முதிர்ந்து முட்டை வெளியே வரும். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தப் பைகள் பாதி வளர்ச்சியிலேயே நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் அவைதான் சின்னச் சின்ன நீர்க்குமிழிகள் போலத் தெரிகின்றன. முட்டை வெளிவராததால் மாதவிலக்கு தள்ளிப்போகிறது. சிலருக்கு மூன்று மாதம், ஆறு மாதம்கூட வருவதில்லை.

1935-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஸ்டீன், லெவன்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதியபோதுதான் இது ஒரு தனிக் கோளாறு என்று பரவலாகத் தெரிந்தது. அவர்கள் சினைப்பையில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். நாளடைவில் அந்த முறை கைவிடப்பட்டது. இப்போது நாம் பேசும் எடை குறைப்பு ஆபரேஷனில் சினைப்பையைத் தொடுவதே இல்லை. அறுவை நடப்பது இரைப்பையில். இந்த வித்தியாசத்தை எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மூன்று அடையாளம் உண்டு. ஒன்று, மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் போவது. இரண்டு, ஆண் சுரப்பு கூடுவது. முகத்தில் முடி வளர்வது, தீராத பரு, தலைமுடி கொட்டுவது ஆகியவற்றாலோ ரத்தப் பரிசோதனையாலோ இதை அறியலாம். மூன்று, ஸ்கேனில் தெரிவது. இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் பிசிஓஎஸ். வேறு காரணம் இல்லை என்பதையும், குறிப்பாகத் தைராய்டை, டாக்டர் பார்த்திருக்க வேண்டும். ஆகவே ஸ்கேன் காகிதம் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து இதை உறுதி செய்ய வேண்டாம் என்றே 2023-ல் வெளிவந்த சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வயதில் சினைப்பை அப்படித் தெரிவது இயல்பாகவே இருக்கலாம்.

நம் நாட்டில் எத்தனை பேருக்கு இது இருக்கிறது? 18 முதல் 40 வயது வரையுள்ள 9,824 பெண்களை நாடு முழுவதும் பரிசோதித்து 2024-ல் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. மேலே சொன்ன "மூன்றில் இரண்டு" கணக்குப்படி அதில் 19.6 சதவீதம் பேருக்கு இந்தக் கோளாறு இருந்தது. 15 பேர் உள்ள குழுவில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்படவோ, "பாவம் செஞ்சவ" என்று சொல்லவோ எதுவும் இல்லை.

எடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நாம் சாப்பிடும் சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரையை உடம்புக்குள் சேர்க்க இன்சுலின் என்ற சுரப்பு வேலை செய்கிறது. நீர்க்கட்டி உள்ள பெரும்பாலான பெண்களுக்கு இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்பதில்லை. அதனால் உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் சுரப்பை அதிகமாக்குகிறது. அதனால் முட்டை வளர்ச்சி நின்றுபோகிறது, முகத்தில் முடி வருகிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரச் சேர இன்சுலின் இன்னும் கூடுகிறது. செக்கு மாடு மாதிரி இது சுற்றிக்கொண்டே இருக்கும்.

எடை குறைந்தால் இன்சுலின் குறையும், ஆண் சுரப்பு குறையும், முட்டை வெளிவர வாய்ப்பு வரும். இதற்கு முப்பது நாற்பது கிலோ குறைய வேண்டும் என்பதில்லை. உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகிறது. 70 கிலோ உள்ள பெண்ணுக்கு அது மூன்றரை கிலோவிலிருந்து ஏழு கிலோ வரை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒல்லியாக இருக்கும் பெண்களுக்கும் நீர்க்கட்டி வரும். அவர்களுக்கு இந்த ஆபரேஷன் தேவையே இல்லை.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

இப்போது அதிகம் செய்யப்படுவது இரண்டு வகை. இரண்டையும் பெரும்பாலும் சின்ன ஓட்டைகள் போட்டு, கேமரா உள்ளே விட்டுச் செய்கிறார்கள்.

முதல் வகையில் பை போல இருக்கும் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மீதி, ஒரு வாழைப்பழம் போலக் குழாய் வடிவில் இருக்கும். பசியைத் தூண்டும் ஒரு சுரப்பு வெட்டி எடுக்கும் பகுதியில்தான் அதிகம் உற்பத்தியாகிறது. அதனால் பசியும் குறைகிறது. வெட்டி எடுத்ததைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

இரண்டாவது வகையில் இரைப்பையின் மேல்பக்கம் சிறிய பை ஒன்றை உண்டாக்கி, அதைக் குடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கிறார்கள். சாப்பாடு குடலின் முதல் பகுதியைத் தொடாமல் குறுக்கு வழியில் போகும். சாப்பிடும் அளவும் குறையும், சத்து உறிஞ்சுவதும் குறையும்.

"கொழுப்பை உறிஞ்சி எடுக்குறது"ன்னு விளம்பரம் வருதே, அது வேறு. அது அழகுக்காகச் செய்வது. அதனால் நீர்க்கட்டிக்குப் பலன் எதிர்பார்க்க முடியாது. அதேபோல "கர்ப்பப்பையை எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்பதும் தவறு. கோளாறு இருப்பது சுரப்பில். கர்ப்பப்பையை எடுத்தாலும் இன்சுலின் கோளாறும் சர்க்கரை நோய் ஆபத்தும் அப்படியே இருக்கும்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

2005-ல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மிக அதிக எடையோடு நீர்க்கட்டியும் இருந்த பெண்களை ஆபரேஷனுக்குப் பின் தொடர்ந்து கவனித்தார்கள். அப்படிக் கவனித்தவர்கள் எல்லாருக்கும் மாதவிலக்கு ஒழுங்கானது அல்லது முட்டை வெளிவரத் தொடங்கியது. ஆனால் அது மிகச் சிறிய குழு.

2016-ல் 13 ஆய்வுகளை, மொத்தம் 2,130 பெண்களின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆபரேஷனுக்கு முன் மாதவிலக்கு ஒழுங்கின்மை 56 சதவீதம் பேருக்கு இருந்தது. ஒரு வருடம் கழித்து அது 8 சதவீதத்துக்கும் கீழே வந்தது. தேவையற்ற முடி வளர்ச்சி 67 சதவீதத்திலிருந்து 39 சதவீதம் ஆனது. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாதவிலக்கு சரியாகும் அளவுக்கு முகத்து முடி சரியாவதில்லை. ஒருமுறை முரட்டு முடியாக மாறியது தானாக உதிர்ந்துவிடாது.

2020-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்விலும், எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பின் இந்தக் கோளாறு உள்ள பெண்களின் நிலை மேம்பட்டது தெரிந்தது.

2024 மே மாதம் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வு இன்னும் முக்கியமானது. எடை அதிகமுள்ள, மாதவிலக்கு ஒழுங்கில்லாத 80 நீர்க்கட்டிப் பெண்களை இரண்டு பிரிவாக, குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 40 பேருக்கு முதல் வகை ஆபரேஷன். 40 பேருக்கு மருந்தும் உணவு ஆலோசனையும். ஒரு வருடத்தில் ஆபரேஷன் பிரிவில் நடுவாக 6 முறை முட்டை வெளிவந்தது. மருந்துப் பிரிவில் 2 முறை. சிகிச்சையால் யாரும் இறக்கவில்லை. ஆனால் பக்க விளைவுகள் ஆபரேஷன் பிரிவில்தான் அதிகம். இதிலிருந்து நாம் புரிந்துகொள்ள வேண்டியது: பலன் உண்டு, அதற்கு விலையும் உண்டு. இந்தப் பெண்கள் எல்லாரும் எடை மிக அதிகமுள்ளவர்கள். கவனித்ததும் ஒரு வருடம்தான்.

இவற்றையெல்லாம் பார்த்துத்தான் 2023 வழிகாட்டுதல், நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இந்த ஆபரேஷனையும் "பரிசீலிக்கலாம்" என்று சொன்னது. எல்லாருக்கும் முதல் சிகிச்சையாகச் செய்யச் சொல்லவில்லை.

நீர்க்கட்டி முற்றிலும் குணமாகிவிடுகிறதா? இல்லை. அந்த இயல்பு உடம்பில் இருந்துகொண்டே இருக்கும். எடை திரும்ப ஏறினால் தொல்லையும் திரும்பலாம். சில வருடங்களில் ஓரளவு எடை திரும்புவது பலருக்கும் நடக்கிறது.

யாருக்குப் பொருந்தும்? நாமே கணக்குப் போடலாம்

எடையை கிலோவில் எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்குங்கள். எடையை அந்த எண்ணால் வகுங்கள். வருவதுதான் பி.எம்.ஐ.

உதாரணம்: உயரம் 150 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை மீட்டர். 1.5-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 2.25. எடை 60 கிலோ என்றால் 60-ஐ 2.25-ஆல் வகுக்க 26.7 வரும். எடை 80 கிலோ என்றால் 35.6 வரும்.

நம் நாட்டவருக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் பருமன் என்று கணக்கு. ஆபரேஷனுக்கு, 2022-ல் வந்த சர்வதேச மருத்துவர் சங்கங்களின் பரிந்துரை இப்படி: 35-க்கு மேல் இருந்தால் செய்யலாம். 30 முதல் 35 வரை இருந்து சர்க்கரை போன்ற நோயும் இருந்தால் யோசிக்கலாம். ஆசிய நாட்டவருக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம். "யோசிக்கலாம்" என்றால் "உடனே செய்" என்று பொருள் இல்லை. உணவு, நடை, மருந்து மூன்றையும் ஒழுங்காகச் செய்துபார்த்த பிறகே டாக்டரோடு பேச வேண்டிய விஷயம் அது.

60 கிலோ எடையுள்ள பெண்ணிடம் "நீர்க்கட்டி இருக்கு, ஆபரேஷன் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால், எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

ஆபத்துகளும் ஆயுள் முழுக்கக் கவனமும்

அனுபவமுள்ள பெரிய மையங்களில் இந்த ஆபரேஷனில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒருவர் அளவில்தான். பித்தப்பை ஆபரேஷன் போன்ற மற்ற பொது ஆபரேஷன்களைவிட இது பயங்கரமானது இல்லை. ஆனால் எங்கே, யார், என்ன வசதியோடு செய்கிறார்கள் என்பது உயிர் விஷயம். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைப்பு ஆபரேஷனுக்குச் சேர்ந்த புதுச்சேரி இளைஞர் இறந்துபோனார். அரசு விசாரணை நடத்தியது. அந்த மருத்துவமனையின் பதிவு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. ஆகவே தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, இரவு நேரத்தில் டாக்டர் இருப்பாரா, அந்த டாக்டர் இதுவரை எத்தனை செய்திருக்கிறார் என்று கேட்பது தப்பில்லை. கேட்டால் கோபப்படும் இடத்தில் செய்துகொள்ள வேண்டாம்.

ஆபரேஷனுக்குப் பின் காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, தாங்க முடியாத வயிற்று வலி வந்தால் தைத்த இடத்தில் கசிவு இருக்கலாம். கெண்டைக்காலில் வீக்கம், திடீர் மூச்சுத் திணறல் வந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். விடிந்ததும் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

பிறகு வருவது சத்துக் குறைவு. இரும்பு, பி12, கால்சியம், டி வைட்டமின் எல்லாம் உடம்பில் குறையும். மாத்திரையை ஆயுள் முழுக்கப் போட வேண்டும். வருடாவருடம் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை அல்லது பருமன். எடையும் கூட, ரத்தமும் குறைவு. நம் வீடுகளில் இந்த இரண்டும் ஒரே உடம்பில் இருக்கிறது. ஏற்கெனவே ரத்தம் குறைந்த பெண் ஆபரேஷன் செய்து, மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மூன்று நான்கு மாதத்தில் தலைமுடி கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். முடி கொட்டுகிறது என்று ஆபரேஷன் செய்துகொண்ட பெண் இதைப் பார்த்து மனம் உடைந்துபோகக் கூடாது, முன்பே தெரிந்திருக்க வேண்டும். தோல் தொங்கும். பித்தக்கல் வரலாம். சில வாரம் திரவ உணவு, பிறகு மசித்த உணவு. கல்யாண வீட்டிலும் நாலு வாய்தான் சாப்பிட முடியும். மூட்டை தூக்குவது, இரும்புச் சந்தையில் சுமை எடுப்பது போன்ற வேலைகளுக்குச் சில வாரம் போக முடியாது. அந்த நாட்கூலியையும் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணமும் குழந்தையும்

இதுதான் நம் தாய்மார்கள் மிகவும் கவலைப்படும் இடம். கவனமாகப் படியுங்கள்.

ஆபரேஷன் முடிந்து எடை வேகமாகக் குறையும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது. 12 முதல் 18 மாதம் வரை தள்ளிப்போடச் சொல்கிறார்கள். உடம்பில் சத்து குறைவாக இருக்கும் அந்த நேரத்தில் குழந்தை வளர்ச்சி பாதிக்கப்படும். ஆனால் அதே நேரத்தில்தான் முட்டை வெளிவரத் தொடங்குகிறது. "எனக்குத்தான் தலைக்கே வராதே, எப்படிக் கர்ப்பமாவேன்" என்று நினைத்திருந்தவர்கள் திடீரென்று கர்ப்பமாகிறார்கள். ஆகவே கருத்தடை முறையை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். குறுக்கு வழி ஆபரேஷனுக்குப் பின் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் காப்பர் டி போன்ற முறையைக் கேளுங்கள்.

இப்போது இதை நம் வீட்டு வழக்கத்தோடு சேர்த்துப் பாருங்கள். தை மாதம் கல்யாணம், ஐப்பசியில் ஆபரேஷன் என்று ஒரு குடும்பம் திட்டம் போடுகிறது. மாப்பிள்ளை வீட்டில் சொல்லவில்லை. கல்யாணமான மூன்றாம் மாதமே "விசேஷம் உண்டா?" என்ற கேள்வி தொடங்கும். அந்தப் பெண் ஒரு வருடத்துக்கு மேல் கர்ப்பமாகக் கூடாது. மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிட வேண்டும். விருந்தில் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பயந்துபோய் மாத்திரையை நிறுத்துவாள், அல்லது சத்தில்லாத உடம்பில் கர்ப்பமாவாள். எந்த நோய்க்காகச் செய்தோமோ அதைவிடப் பெரிய துன்பத்தில் அவளை நாமே தள்ளுகிறோம். கல்யாணத் தேதியை வைத்து ஆபரேஷன் தேதி குறிக்காதீர்கள். கட்டிக்கொள்ளப் போகிறவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள்.

உரிய காலம் பொறுத்துக் கர்ப்பமானால் நன்மையும் உண்டு. 2015-ல் வெளிவந்த சுவீடன் நாட்டு ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை குறைவாக வந்தது. ஆனால் எடை குறைந்த குழந்தை பிறப்பது கூடியது. எனவே கர்ப்பப் பதிவின்போதே கிராம செவிலியரிடம் ஆபரேஷன் விவரத்தைச் சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துச் சர்க்கரை பார்க்கிறார்கள். குறுக்கு வழி ஆபரேஷன் செய்தவர் அதைக் குடித்தால் தலைசுற்றி விழலாம். அவருக்கு வேறு முறையில் பார்க்க வேண்டும்.

குழந்தை இல்லை என்றதும் பெண்ணை மட்டும் ஸ்கேன், ஆபரேஷன் என்று அலையவிடுகிறோம். கணவரின் விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. அதை முதலிலேயே செய்யச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

ஒன்று, சாப்பாடு. பட்டினி வேண்டாம். மலையாகக் குவித்த சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் காய், கீரை, பருப்பு, சுண்டல், முட்டை வரட்டும். காசிமேட்டிலிருந்து வரும் மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி விலை குறைவு, சத்து அதிகம். பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். ஒரு நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு ஸ்பூன் ஆச்சு. சாயங்காலம் பஜ்ஜி, போண்டா தினமும் வேண்டாம்.

இரண்டு, நடை. வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம். மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரிக்கு நடுவில் எப்படி நடப்பது என்று கேட்பீர்கள். நியாயம்தான். பள்ளி மைதானம், மொட்டை மாடி, கோயில் பிராகாரம் எதுவானாலும் நாலு பேர் சேர்ந்து போங்கள்.

மூன்று, மருந்து. மாதவிலக்கை ஒழுங்குபடுத்த, இன்சுலினைச் சீராக்க, முட்டை வெளிவர என்று தனித்தனி மருந்துகள் உண்டு. மெட்ஃபார்மின், லெட்ரோசோல் போன்றவை பல வருடமாகப் பயன்பாட்டில் உள்ளவை. 2025-லிருந்து எடை குறைக்கும் ஊசிகள் சிலவும் நம் நாட்டில் விற்பனைக்கு வந்துள்ளன. கர்ப்பத்துக்கு முயற்சி செய்பவர்கள் அவற்றைப் போடக் கூடாது. எதையும் மருந்துக்கடையில் கேட்டு வாங்க வேண்டாம்.

நான்கு, தள்ளிப்போகும் மாதவிலக்கைச் சும்மா விடக் கூடாது. மூன்று மாதம் வராவிட்டால் டாக்டரைப் பாருங்கள். பல வருடம் இப்படியே விட்டால் கர்ப்பப்பை உட்சுவர் தடித்து, பின்னாளில் புற்றுநோய் வரும் ஆபத்து கூடுகிறது.

ஐந்து, மனசு. இந்தக் கோளாறு உள்ள பெண்களுக்கு மனச்சோர்வு அதிகம். "குண்டு", "மீசைக்காரி" என்ற கேலியை நம் வீட்டிலிருந்தே நிறுத்துவோம்.

எங்கே போவது?

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளலாம். மகப்பேறு மருத்துவரைப் பார்க்க ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை, எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை இருக்கின்றன. பழைய சிறைச்சாலை சாலையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. சந்தேகம் கேட்க 104 என்ற இலவச எண்ணும் உண்டு. தனியார் மருத்துவமனை ஆபரேஷன் சொன்னால், அரசு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்காமல் சம்மதம் எழுதிக் கொடுக்காதீர்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டி, "இந்த ஆபரேஷனுக்கு, இந்த மருத்துவமனையில் அனுமதி உண்டா, எவ்வளவு?" என்று முன்கூட்டியே கேளுங்கள். புரோக்கர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். தனியார் காப்பீட்டில் 2019-ல் வகுத்த விதிப்படி பி.எம்.ஐ. 40-க்கு மேல் இருக்க வேண்டும், அல்லது 35-க்கு மேல் இருந்து கடுமையான இதய நோய், கட்டுப்படாத சர்க்கரை போன்றவை இருக்க வேண்டும். நீர்க்கட்டி அந்தப் பட்டியலில் இல்லை.

குழுக் கடன் பற்றி

3 லட்ச ரூபாய்க்கு நூற்றுக்கு ஒரு வட்டி என்றால் மாதம் 3,000 ரூபாய். வெளியே இரண்டு வட்டிக்கு வாங்கினால் 6,000. இது வட்டி மட்டும்தான். அசல் அப்படியே நிற்கும். இதோடு மாதாமாதம் மாத்திரைச் செலவு உண்டு. கடனைக் கட்ட மாத்திரையை நிறுத்தினால் ஆபரேஷன் செய்ததே வீணாகும்.

அதற்காக, தேவைப்படும் பெண்ணுக்குக் கடன் மறுக்கச் சொல்லவில்லை. 90 கிலோ எடை, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் திணறல், இரண்டு மூன்று வருடம் சிகிச்சை எடுத்தும் பலனில்லை என்ற நிலையில் உள்ளவருக்கு இது வாழ்வு தரும் சிகிச்சையாக இருக்கலாம். அப்படி மனு வந்தால் குழு கேட்க வேண்டியவை இவை: பி.எம்.ஐ. எவ்வளவு? இதுவரை என்ன சிகிச்சை எடுத்தார்? அரசு டாக்டரின் கருத்து இருக்கிறதா? காப்பீட்டில் கேட்டாயிற்றா? மொத்தச் செலவு எழுத்தில் இருக்கிறதா? ஆபரேஷன் செய்துகொள்ளப் போகும் பெண்ணே சம்மதித்தாரா, வீட்டார் சொன்னதற்காகத் தலையாட்டுகிறாரா? கடைசிக் கேள்வியை அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேளுங்கள். இந்த விவரங்களை நோட்டீஸ் போர்டில் போடாதீர்கள், வெளியே பேசாதீர்கள். பரிசோதனைக்கும் மருந்துக்கும் சிறு கடன் கேட்டு வந்தால் முன்னுரிமை கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் ஒவ்வொருவரும் தங்கள் பி.எம்.ஐ.யைக் கணக்கிடுவோம். எண்ணை வெளியே சொல்ல விருப்பமில்லாதவர் சொல்ல வேண்டாம்.

2. மூன்று மாதத்துக்கு மேல் மாதவிலக்கு வராமல், டாக்டரைப் பார்க்காமல் இருப்பவர் நம் வீட்டில் யார்? அவரை யார் கூட்டிப்போவது?

3. நம் ஊரில் பெண்கள் பயமில்லாமல் நடக்க எந்த இடம் இருக்கிறது? இல்லை என்றால் வார்டு உறுப்பினரிடமோ ஊராட்சியிடமோ என்ன கேட்கலாம்?

4. மருத்துவக் கடன் மனுவுக்கு மேலே சொன்ன ஆறு கேள்விகளைத் தீர்மான நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாமா?

குழுவில் எடுத்த முடிவை ஊக்குநர் மூலம் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு எழுதி அனுப்புங்கள். மருத்துவமனைக்குத் துணைக்கு ஆள் இல்லை என்று தயங்குபவர்கள் சொன்னால் போதும், எங்களில் ஒருவர் கூட வருகிறோம்.